டோமினோ ஒருவழியாகப் பிடிபட்டது

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு என் கடல் மீன் தொட்டியில் இருந்த டோமினோ டேம்சலைப் பிடித்துவிட்டேன். ஐந்து மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்த மீன். பிடிபட்ட விதத்தை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு இந்த நாலடித் தொட்டியைத் தொடங்கியபோது, சைக்கிளிங்குக்கு (புதுத் தொட்டியில் கழிவை மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பதற்கு) என்று ஒரு கடைக்காரர் மூன்று டோமினோக்களைக் கட்டிக் கொடுத்தார். நகத்தளவு மீன்கள்; கருப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு. பதினான்கு சென்டிமீட்டர் வரை வளரும், வளர்ந்தபின் பக்கத்தில் யாரையும் விடாது என்று அவர் சொல்லவில்லை. முதல் வருடத்திலேயே மற்ற இரண்டையும் இது கடித்தே தீர்த்தது. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: சைக்கிளிங்குக்கு உயிர் மீன் வேண்டவே வேண்டாம். ஒரு துண்டு இறாலைப் போட்டு வைத்தாலே போதும், அந்த பாக்டீரியாவுக்கு வேண்டிய அமோனியா வந்துவிடும்.

பிப்ரவரியில் ஃபயர்ஃபிஷ் என்ற சாதுவான சின்ன மீனில் ஒரு ஜோடி விட்டேன். மறுநாள் காலை ஒன்று தரையில் காய்ந்து கிடந்தது. ஒயருக்காக மூடியில் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாகக் குதித்திருக்கிறது. இன்னொன்று, தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்புக்குப் பின்னால் ஒடுங்கியது. வால் நார்நாராகக் கிழிந்து, ஆறு நாள் சாப்பிடாமல் கிடந்து செத்தது. அதை எடுத்துப் போட்ட அன்றைக்கே டோமினோ வெளியேறியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கல் அடுக்கிய தொட்டியில் கைவலை பயனில்லை. ராத்திரி டார்ச் அடித்துத் தேடினால் கல் பொந்துக்குள் இன்னும் ஆழமாகப் போய்ச் செருகிக்கொண்டது. தண்ணீரைப் பாதிக்கு இறக்கினேன். 120 லிட்டரை டிரம்மில் பிடித்து வைத்துவிட்டு மூன்று மணி நேரம் துழாவியும் சிக்கவில்லை. பாவம், கூட இருந்த க்ளவுன் மீன் ஜோடிதான் மிரண்டு போனது. தண்ணீர் பாட்டிலை வெட்டித் தலைகீழாகச் செருகிய பொறிக்குள் தலையை மட்டும் விட்டு, இறாலைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாகவே வெளியே வந்துவிடும். கண்ணாடிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டியபோது மட்டும் அது தன் பிம்பத்தோடு நாளெல்லாம் சண்டை போட்டது. கவனம் திரும்பியதே தவிர, குணம் மாறவில்லை.

அப்புறம்தான் கதவு வைத்த பொறி. போர்டு செய்யும் கடையில் மிச்சத் துண்டாகக் கிடந்த 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கை வாங்கி, ஒரு அடி நீளப் பெட்டியாக ஒட்டினேன். மேலிருந்து இறங்கும் கதவு, அதில் தூண்டில் நரம்பு, நரம்பின் மறுமுனை சோபாவில் என் கையில். முதல் முயற்சியிலேயே தவறு புரிந்தது. அக்ரிலிக் கதவு தண்ணீரில் விழுவதில்லை, மிதந்து மிதந்து இறங்குகிறது. உப்புத் தண்ணீரில் அதற்கு எடையே இல்லை என்று சொல்லலாம். கதவு பாதி இறங்குவதற்குள் டோமினோ வெளியே நின்று என்னைப் பார்த்தது.

எடை கட்ட இரும்பு போட்டால் துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை இறால் நண்டுகளுக்கு விஷம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, படத்துக்குச் சட்டம் போடும் கடையில் 4 மில்லிமீட்டர் கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கி அதையே கதவாக்கினேன். விளிம்புகளைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரல் போகும். கண்ணாடி சும்மா சர்ரென்று இறங்கியது, ஆனால் மூன்றுக்கு ஒரு முறை நடுவில் சிக்கியது. காரணம் இரண்டு. கதவு இறங்கும் காடியின் இடைவெளி 4.5 மில்லிமீட்டர்தான் இருந்தது. ஒரு மணல் துகள் போதும், கதவு நின்றுவிடும். அதை 6 ஆக்கினேன். இன்னொன்று, நரம்பை ஒரே துளையில் கட்டியிருந்ததால் கதவு சாய்ந்தே தொங்கியது. இரண்டு மூலையிலும் துளை போட்டு, நரம்பைக் கவட்டை மாதிரிக் கட்டியதும் நேராகத் தொங்கியது. பக்கெட்டில் வைத்து இருபது முறை விட்டுப் பார்த்தேன். இருபது முறையும் சிக்காமல் விழுந்தது.

சரி, பொறி தயார். இனி தேவைப்பட்டது பொறுமை. கதவைத் தூக்கிக் கட்டி, எட்டு நாள் நரம்பைத் தொடவே இல்லை. சிரிஞ்சில் ஏர் டியூப் மாட்டி, பொறியின் கடைசிச் சுவரோரம் மட்டும் இறால் துணுக்கு. வேறு எங்கும் தீனி கிடையாது. "ஏன்டா, அதுக்கும் பசிக்காதா?" என்று அம்மா இரண்டு வேளையும் கேட்டார். முதல் மூன்று நாள் டோமினோ பொறியையே தாக்கியது. க்ளவுன்கள் உள்ளே போய்ச் சாப்பிட்டு வருவதைப் பார்த்துப் பார்த்து, நாலாம் நாள் வாசல் வரை வந்தது. ஆறாம் நாள் முழு உடம்பும் உள்ளே. ஒன்பதாம் நாள், க்ளவுன்கள் இரண்டும் வெளியே இருக்க, இது மட்டும் கடைசிச் சுவரில் வாய் வைத்துத் தின்றுகொண்டிருந்தது. நரம்பை விட்டேன். கதவு விழுந்த சத்தம் சோபா வரை கேட்டது.

உள்ளே சுற்றிச் சுற்றி முட்டியது. கருப்பு உடம்பு வெளுத்துச் சாம்பல் நிறமானது. பெட்டியில் காதை வைத்தபோது டக் டக் என்ற சத்தம். டேம்சல்கள் பல்லை மோதி எழுப்பும் சத்தம் அது. அத்தனை கோபத்திலும் அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கடலில் துரத்தப்பட்ட மீன் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும், துரத்தியதும் ஓய்ந்துவிடும். நாலடிக்குள் தோற்றவன் எங்கே போவான்? அதனால்தான் சண்டை முடிவதே இல்லை.

"பெசன்ட் நகர் கடற்கரையில் விட்டுடுங்க மாமா" என்றான் மச்சான். செய்யவே கூடாது. தொட்டி மீன் நோயையும் சேர்த்துக் கொண்டுபோகும். இப்போதைக்கு, தொட்டித் தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டியான சம்ப்பில் வெள்ளை பிளாஸ்டிக் கட்டத் தட்டை வைத்துத் தடுத்து விட்டிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறது. அதற்கென்று தனியாக ஒரு மூன்றடித் தொட்டி பார்த்து வருகிறேன்.

திங்களன்று கற்களை முழுவதும் இடம் மாற்றினேன். இருக்கிற மீன்களுக்கும் இடம் புதிதாக இருந்தால்தான் புது மீனுக்கு நியாயம். என் கற்கள் சிமெண்டும் கல்லுப்பும் சிப்பித் தூளும் கலந்து நானே வார்த்தவை. நம் நாட்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை யார் விற்றாலும் வாங்காதீர்கள். மீனிலும் பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குவது என் வழக்கம். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் க்ளவுன்களோடு சில டேம்சல் வகைகளையும் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். சென்னை கொளத்தூரில் நன்னீர் வளர்ப்பு மீன் கிடைக்கிற சுலபத்தில் இவையும் கிடைக்கும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

மூன்று வாரம் குவாரன்டைனில் இருந்த இரண்டு பங்காய் கார்டினல் மீன்களை, புதனன்று துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். பெண் க்ளவுன் முதல் நாள் டப்பாவை முட்டியது, நேற்று முட்டவில்லை. இன்று காலை கார்டினல்கள் இரண்டும் இறால் முட்டையை எடுத்துக்கொண்டன. விளக்கு அணைந்ததும் டப்பாவின் மூடியைத் திறக்கப் போகிறேன். ஒயர் இடைவெளியில் வலைத்துணி ஒட்டியாயிற்று.