பின்னால் வருகிறவரை நினைத்து ஓட்டுங்கள்

குழுவாகப் போகும்போது இரண்டு சைக்கிள்களின் சக்கரங்கள் உரசிக்கொண்டால் பெரும்பாலும் விழுகிறவர் பின்னால் வருகிறவர்தான். சாய்கிற பக்கம் ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பித்தான் நாம் சைக்கிளை நிமிர்த்துகிறோம். முன்சக்கரத்தை ஒட்டி இன்னொரு சக்கரம் அணைத்து நின்றால் திருப்ப வழியில்லை, அடுத்த நொடி தரைதான். முன்னவருக்கு லேசான ஒரு தட்டலோடு போய்விடும். அதனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழையவே கூடாது.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் கடக்கிறோம். புதியவர்கள் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடட்டும். முன்னால் உள்ள டயரையே பார்த்துக்கொண்டு வராதீர்கள். அவர் தோளுக்கு மேலே, இரண்டு மூன்று பேர் தள்ளிப் பாருங்கள். ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து மிதிப்பவரின் சைக்கிள் ஒரு கணம் பின்னவரை நோக்கி வரும். எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்கி, பெடலை அழுத்துகிற அதே வேகத்தில் எழுந்தால் அது குறையும்.

முதலில் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் அந்த அதிர்ச்சி கடைசி ஆளிடம் பெரிதாகிப் போய்ச் சேரும். வேகம் குறைக்க, மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாலே காற்று பிடித்துக்கொள்ளும். குழியைத் தூரத்திலேயே கைகாட்டிச் சொல்லுங்கள். கிட்டே வந்த பிறகு குரல் மட்டும் போதும், இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும். பஞ்சர் ஆனால் கையைத் தூக்கிக் குரல் கொடுத்து, நேராகவே போய் மெல்ல ஓரங்கட்டுங்கள்.

சந்திப்பில் "வழி இருக்கு, வாங்க" என்று சொல்லும் பழக்கம் ஆபத்தானது. சொன்னவருக்கு இருந்த வழி, ஐந்தாவது ஆள் வரும்போது இருக்காது. "கார் வருது" என்று மட்டும் சொல்லுங்கள். கடப்பதா வேண்டாமா என்பதை அவரவரே பார்த்து முடிவு செய்யட்டும்.

இருபது பேர் ஒரே கூட்டமாகப் போனால் பின்னால் வரும் வண்டிக்கு முந்த வழி கிடைக்காது. பொறுமை இழந்த ஓட்டுநர் வளைவிலேயே முந்தப் பார்ப்பார். ஆறு, எட்டு பேராகப் பிரிந்து, நடுவில் ஒரு கார் தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். இருவர் இருவராகப் போகலாமா என்பதற்கு அந்தந்த ஊர்ச் சட்டம்தான் வழி. அனுமதி இருந்தாலும் குறுகிய சாலையில் ஒற்றை வரிசையே நல்லது. நின்றால் எல்லோரும் சாலையை விட்டு முழுதாக இறங்கி நில்லுங்கள். இருட்டில் மினுக்கும் பின்விளக்கு பின்னவரின் கண்ணைக் கூசச் செய்யும். மினுக்கல் கடைசி ஆளுக்கு மட்டும் போதும், மற்றவர்கள் மங்கலாக, நிலையாக எரியவிடுங்கள்.