மாவாங்துய் பட்டு ஓவியம்: பாதி அளவில் ஒரு நகல், இதுவரை

சீனாவின் ஹூனான் மாகாணத்தில், சாங்ஷா நகரத்தின் ஓரமாக உள்ள மாவாங்துய் மேட்டில் 1972-இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சவப்பெட்டிகள். கடைசிப் பெட்டியின் மூடிமேல், வரைந்த பக்கம் கீழே பார்த்தபடி, ஆங்கில 'டி' வடிவத்தில் ஒரு பட்டுத்துணி விரித்திருந்தது. பெட்டிக்குள் இருந்தவர் ஷின் ஜுவெய். சாங்ஷா சிற்றரசின் முதலமைச்சராக இருந்த டாய் பிரபு லி சாங்கின் மனைவி. மேட்டில் மொத்தம் மூன்று கல்லறைகள். அவற்றில் ஒன்று லி சாங்குடையது, அவர் இறந்தது கி.மு. 186. மூன்றாம் கல்லறையில் கிடந்தவர் அவர்கள் மகன் என்று கருதப்படுகிறது, அவர் புதைக்கப்பட்டது கி.மு. 168. அம்மாவின் குழி மற்ற இரண்டையும் வெட்டிக்கொண்டு போவதால் அவர்தான் கடைசியாக அடக்கமானவர்.

அந்த ஓவியத்தைப் பட்டிலேயே நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழ்ப்பகுதியும் நடுப்பகுதியும் முடிந்தன, மேல்பகுதி பாதியில் நிற்கிறது.

மூலத்தின் உயரம் 205 செ.மீ. மேலே 92 செ.மீ. அகலம், கீழே 47.7 செ.மீ. அதே அளவில் வரைய வீட்டில் இடமில்லை, அதனால் சரிபாதி. பிளவுஸுக்கு மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற வெள்ளைப் பட்டு 44 இஞ்ச் அகலம். பாதி அளவுக்கு ஒட்டுப்போடாமல் சரியாக வருகிறது. ஜரிகை இல்லாததாக, கஞ்சி ஏறாததாகக் கேட்டு வாங்க வேண்டும். இழுத்துக்கட்ட, ஆரி வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் மரச் சட்டத்தை இரவல் வாங்கினேன். இதற்காகவே செய்துவைத்த மாதிரி இருக்கிறது, படுக்கைவாட்டில் வைத்தும் வரையலாம்.

வெறும் பட்டில் மை தொட்டால் இழை வழியே ஓடிவிடும். சீனாவில் நுண்கோட்டு ஓவியம் வரைபவர்கள் விலங்குப் பசையையும் படிகாரத்தையும் நீரில் கலந்து பூசி அதைத் தடுப்பார்கள். ஏழு பங்கு பசைக்கு மூன்று பங்கு படிகாரம் என்பது அவர்களிடம் புழங்கும் கணக்கு. நம் ஆசாரிகளின் வச்சிரம் அதே இனம்தான், ஆனால் பழுப்பு நிறம் தூக்கல், வாடையும் அப்படி. சமையல் ஜெலட்டின் போதும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, ஆறியபின் கலந்து, அகலத் தூரிகையால் ஒரே திசையில் பூச வேண்டும். காய்ந்ததும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் அது முத்தாக நிற்க வேண்டும். இந்தக் கல்லறையின் காலமான ஹான் வம்சக் காலத்து ஓவியர் இப்படித்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இது பிற்காலத்து முறை. எனக்கு மை ஓடாமல் இருந்தால் சரி.

அகழாய்வுக்குப் பிறகு வெளிவந்த கோட்டோவியத்தைப் பாதி அளவில் அச்சடித்துத் துணிக்கு அடியில் வைத்தேன். பட்டு வழியாகக் கோடு நன்றாகவே தெரியும். கேள்வி, எங்கே தொடங்குவது என்பதுதான். மனம் நேராக ஆட்களிடம் போகும். போகக் கூடாது, முதலில் டிராகன்கள். நடுப்பகுதியின் இரு ஓரங்களிலும் தலை தூக்கி நிற்கிற இரண்டும் கீழே இறங்கி, நடுவில் உள்ள ஜேடு வளையத்தின் துளைக்குள் நுழைந்து, ஒன்றையொன்று குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போகின்றன. இந்த இரண்டு நீளக் கோடுகளையும் போட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் இடம் தானாக அமைந்துவிடுகிறது. அந்த அம்மையார் நிற்கும் மேடை டிராகன்களின் உடல்களுக்கு நடுவே. வளையத்தில் தொங்குகிற இசைக்கல் அவற்றின் வால்களுக்கு நடுவே. வரைந்தவர் படத்தை இந்த முடிச்சைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறார் என்பது புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை. இந்தக் கோடுகளை உட்கார்ந்துகொண்டு போட முடியாது. எழுந்து நின்று, தோளிலிருந்து கையை நகர்த்த வேண்டும். நீள முடியுள்ள லைனர் தூரிகை இருந்தால் கோடு நடுவில் அறுந்துபோகாது.

டிராகன்களுக்குப் பிறகு ஷின் ஜுவெய். என் நகலில் ஒரு விரல் நீளம்தான் இருக்கிறார். பக்கவாட்டில் நிற்கிறார், கையில் ஊன்றுகோல், முதுகு லேசாக வளைந்திருக்கிறது. பின்னால் மூன்று பெண்கள், எதிரே மண்டியிட்ட இரண்டு ஆண்கள். இறக்கும்போது அவருக்கு ஐம்பது வயதையொட்டி இருந்திருக்கும். உடல் அழுகவில்லை: தோல் மென்மையாக, மூட்டுகள் மடங்கும்படி இருந்தன. அறையைச் சுற்றிக் கொட்டிய கரியும் அதன்மேல் இறுக்கிய வெள்ளைக் களிமண்ணும் காற்றையும் நீரையும் தடுத்திருக்கின்றன. உடற்கூறு ஆய்வில் இதயத் தமனி நோய், பித்தக்கல், முதுகெலும்பு வட்டில் கோளாறு எல்லாம் தெரிந்தன. செரிமானப் பாதையில் முலாம்பழ விதைகள் மட்டும் 138. முதுகுவலிக்காரரை முதுகுவலிக்காரராகவே வரைந்திருக்கிறார்கள். அந்த வளைவை ஒரு மில்லிமீட்டர் நிமிர்த்தினாலும் வேறு யாரோ ஆகிவிடுகிறார்.

பல விளக்கங்களில் இந்தப் படம் 'ஆன்மாவின் விண்ணுலகப் பயணம்' என்று இருக்கும். வரைந்தபின் எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். மேலே வாயிலும் காவலர்களும் சூரிய சந்திரரும் இருப்பது உண்மை. ஆனால் இந்த அம்மா எங்கும் புறப்பட்டதாகத் தெரியவில்லை. டிராகன்மேல் ஏறவில்லை, மேலே பார்க்கவுமில்லை, எதிரே நீட்டுவதை வாங்கிக்கொள்ள நிற்கிறார். பண்டைச் சீனர்கள் ஆன்மாவை இரண்டாகப் பிரித்தார்கள், ஹுன் மேலே போகும், போ உடலோடு தங்கும் என்று ஒரு விளக்கம் உண்டு. அதை ஒத்துக்கொண்டாலும் கல்லறையில் இருந்த சாமான்களைப் பார்த்தால் பூமிக்கடியில் நிரந்தரக் குடித்தனம் வைத்துக்கொடுத்த மாதிரிதான் இருக்கிறது. 48 மூங்கில் பெட்டிகள் நிறைய துணியும் உணவும், வேலைக்கும் பாட்டுக்கும் மரப் பொம்மைகள், செலவுக்குக் களிமண் காசு. அரக்குத் தட்டுகளில் 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்ற பொருளில் எழுத்து. ஒரு பாத்திரத்தைத் திறந்தபோது தாமரைக் கிழங்குத் துண்டுகள் தண்ணீரில் மிதந்தனவாம். நகர்த்திய ஆட்டத்தில் கரைந்தே போய்விட்டன. எல்லாவற்றுக்கும் 312 மூங்கில் பட்டைகளில் பட்டியல் வேறு.

மகன் கல்லறையில் கிடைத்த மரப்பலகை இன்னும் சுவாரசியம். வீட்டுக் காரியஸ்தர், கீழுலகில் புதைபொருள் பொறுப்பிலுள்ள அதிகாரிக்கு, இன்ன தேதியில் பொருட்களின் பட்டியலை அனுப்புகிறேன், மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் என்று எழுதியிருக்கிறார். ஹான் அரசு காகிதமில்லாக் காலத்திலேயே கோப்புகளால் நடந்த அரசு. செத்தபின் போகிற இடத்திலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மேலே சொர்க்கமா, கீழே வீடா என்று ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. துணியில் ஒன்று, பெட்டிகளில் ஒன்று, பலகையில் ஒன்று.

கீழ்ப்பகுதியில் மூன்றுகால் பாத்திரங்களும் குடங்களும் வைத்த சடங்குக் காட்சி. இரு பக்கமும் ஆண்கள், நடுவில் பூவேலைத் துணி போர்த்திய ஒரு மேடு. அது பிணம்தான் என்று பலரும், படையல் என்று சிலரும் சொல்கிறார்கள். அந்தத் தளத்தை இரு கையால் தாங்கி, பின்னிய இரண்டு பெரிய மீன்கள்மேல் நிற்கிறான் ஒரு குண்டன். அவனை வரைய இந்த முழு வேலையிலும் அதிகச் சந்தோஷம். இரு ஓரங்களிலும் ஆமை, அதன் முதுகில் ஆந்தை.

வண்ணத்துக்கு வருகிறேன். மூலத்தின் சிவப்பு சாதிலிங்கம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும், ஆனால் பாதரசச் சரக்கு, வீட்டில் அரைக்கிற வேலை வேண்டாம். வாட்டர்கலர் வெர்மிலியனோடு துளி காவி சேர்த்தால் அந்தச் சாயல் வருகிறது. நீலத்துக்கு இண்டிகோ. முகங்களின் வெள்ளையைத் துணியின் பின்பக்கமிருந்து பூசினேன். முன்னால் கோடு மங்காமல், தோல் மட்டும் உள்ளிருந்து வெளுப்பாகத் தெரிகிறது. இதுவும் நுண்கோட்டு ஓவியர்கள் செய்வதுதான், மிகவும் பிடித்துப்போனது. பின்னணியின் பழுப்பில் எவ்வளவு இரண்டாயிரம் வருடம் மண்ணுக்கடியில் கிடந்து ஏறியது என்று எனக்குத் தெரியாது. அதைத் தேயிலைச் சாற்றால் நடிக்கவைப்பதா என்று யோசித்து, விட்டுவிட்டேன். வெளிர்ப் பட்டில் சிவப்பு கொஞ்சம் கத்தத்தான் செய்கிறது. புதிதாய் விரித்த அன்று மூலமும் கத்தியிருக்கும்.

அவர்களுடைய பட்டின் மென்மை மட்டும் என்ன செய்தாலும் வராது. அதே கல்லறையில் கிடைத்த ஒரு மெல்லிய மேலாடை 49 கிராம்தான். அதைத் திரும்ப நெய்ய முயன்றவர்களுக்கு இன்றைய பட்டுப்புழுவின் தடித்த இழையே பெரிய தடையாக இருந்திருக்கிறது. 2019-இல்தான் நான்ஜிங்கில் அந்த எடையைத் தொட்டார்கள்.

இப்போது மேல்பகுதி. வலப்பக்கப் பெரிய சூரியனும் அதனுள் கருங்காகமும் முடிந்தன. சீனக் கதைகளில் பிற்பாடு இந்தக் காகத்துக்கு மூன்று கால் வரும், இங்கே இரண்டுதான். கீழே மரக்கிளைகளில் எட்டுச் சின்னச் சூரியன்கள். கதைப்படி மொத்தம் பத்து வேண்டும், படத்தில் ஒன்பது. பத்தாவது இலைக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. நடுவில் பாம்பு வால் கொண்ட மனித உருவம் சீனப் புராணத்தின் படைப்புத் தெய்வம் நுவாவா, அவள் இணை ஃபூஷியா, தீபம் ஏந்தும் டிராகனா என்று இன்னும் சண்டை. யாராக இருந்தாலும் அந்த வால் சுருளுக்கு டிராகனைவிட அதிக நேரம் பிடித்தது.

மீதி இருப்பவை இடப்பக்கப் பிறை, அதன்மேல் தேரை, முயல், கீழே சந்திரனை எட்டப் பறக்கும் பெண். அப்புறம் தொங்கவிடும் ஏற்பாடு. மூலத்தில் மேலே மூங்கில் குச்சியும் பட்டுக் கயிறும் இருந்தன, கீழ் மூலைகள் நான்கிலும் நார்நூலில் பின்னிய குஞ்சம். அப்படியானால் பெட்டிமேல் கவிழ்ப்பதற்கு முன் யாரோ அதைத் தூக்கிப் பிடித்து ஊர்வலம் போயிருக்க வேண்டும். மூங்கில் தயாராக இருக்கிறது, குஞ்சம் பின்ன இன்னும் பழகவில்லை. இந்த வாரம் தேரையை முடித்துவிடலாம்.