ஒரு காபன் கூடக்குறைய

சேதன இரசாயனத்தில் நம்மில் அநேகர் வெறுத்த பகுதி ஒளியியல் சமபகுதியம். ஒரே அமினோ அமிலத்தை எல், டி என்று ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவமாகக் கரும்பலகையில் கீறிக் காட்டுவார்கள். சோதனையில் இரண்டு புள்ளி கிடைக்கும் என்பதற்கு மேல் அதை யார் மதித்தோம்? மூளைக் கலங்களைத் தூண்டும் அமினோ அமிலமான குளூட்டாமேற்றைப் பிடிக்கும் புரதங்களோடு, அதாவது குளூட்டாமேற்று வாங்கிகளோடு, வேலை செய்பவர்களுக்கு அந்தப் படம் இல்லாமல் ஒரு நாளும் நகராது.

1950களின் கடைசியில், கன்பராவில் நரம்பியலாளர் ஜோன் எக்கிள்ஸின் ஆய்வுகூடத்தில், டேவிட் கேட்டிஸும் ஜெஃப் வொட்கின்ஸும் மயக்கிய பூனைகளின் முண்ணாண் நரம்புக் கலங்கள்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்கள். பல குழல் ஒட்டிய கண்ணாடி நுண்குழாயில் ஒரு குழல் கலத்தின் மின்னைப் பதியும், மற்றவை மருந்தை விடும். அமிலக் கரைசலைக் காரமாக்கி எதிர் மின்னோட்டம் கொடுத்தால் அனயன் வெளியே வரும். ஓய்வு நேரத்தில் மின்னோட்டத்தைத் திருப்பிப் பிடித்து வைக்காவிட்டால் மருந்து கசிந்துகொண்டே இருக்கும்.

குளூட்டாமேற்றும் அஸ்பாட்டேற்றும் கலத்தைத் தூண்டின. அமினோக் கூட்டத்துக்கு அடுத்த காபொட்சிலை நீக்கினால் முன்னது காபா, பின்னது பீற்றா-அலனின்; இரண்டும் கலத்தை அடக்கின. தூண்டலுக்கு இரண்டு அமிலக் கூட்டமும் ஓர் அமினோவும் வேண்டும் என்பது இப்படித்தான் தெளிந்தது. டி-அஸ்பாட்டேற்றின் நைதரசனில் ஒரு மெதைல் சேர்த்தால் என்எம்டிஏ. குளூட்டாமேற்றைவிடப் பல மடங்கு வலிது. எல் வடிவம் அதற்குக் கிட்டவும் வராது.

எனக்கு இன்னும் வியப்பானது சங்கிலியின் நீளம். குளூட்டாமேற்றின் டி வடிவத்தில் பக்க அமிலத்துக்குப் பதிலாகப் பொஸ்போனிக் கூட்டத்தை வைத்து, சங்கிலியில் ஒரு காபனைக் கூட்டினால் கிடைப்பது டி-ஏபி5 (எண் சங்கிலியிலுள்ள காபன்களின் எண்ணிக்கை). அது என்எம்டிஏ தூண்டும் அதே வாங்கியில் போய் இருக்கும், ஆனால் அதன் துவாரத்தைத் திறக்காது. 1983இல், நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான கிப்போகாம்பசில், நரம்பிணைப்புகள் நீண்ட நேரம் வலுப்பட்டு நிற்கும் நீடித்த வலுவூட்டலை மறித்துக் காட்டியது இதுதான். ஏபி7உம் நன்றாகத் தடுக்கும். இடையிலுள்ள ஏபி6 மந்தம். ஒரு காபன் குறைந்த எல்-ஏபி4 வேறொரு வாங்கிக் குடும்பத்தைத் தூண்டப் போய்விடும்.

ஆய்வுகூடத்தில் இவற்றைப் பயன்படுத்தும் பிள்ளைகளுக்கு: ஏபி5இன் மூலக்கூற்றுத் திணிவு 197.1. 9.9 மி.கி.யைச் சமவலு சோடியம் ஐதரொட்சைட்டோடு 1 மி.லீ.யில் கரைத்தால் 50 மில்லிமோலர். ஆயிரம் மடங்கு ஐதாக்கினால் வேலைக்கான 50 மைக்ரோமோலர். மலிவென்று டிஎல் கலவை வாங்கினால் பாதி சும்மா கிடக்கும், இரட்டிப்பாகப் போட வேண்டும். என்எம்டிஏ வேலை செய்யவில்லை என்று புலம்புமுன் கரைசலில் மக்னீசியம் இருக்கிறதா பாருங்கள்: கலம் தூண்டப்படாத ஓய்வு மின்னழுத்தத்தில் அது வாங்கியின் துவாரத்தை அடைத்துவிடும். வாங்கி திறக்கக் கிளைசீனும் கூட வேண்டும், 10 மைக்ரோமோலர் தாராளம். குளூட்டாமிக் அமிலத்தை மில்லிமோலர் அளவில் நேரே கலத்தில் ஊதும்போது பீஎச் சரிசெய்ய மறந்தால், கூடிய புரோத்தன்களே வாங்கியைத் தணித்துவிடும்.

நமது பக்கத்துக் கதையும் உண்டு. கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் முக்கிய உணவாகச் சாப்பிடுபவர்களின் கால்கள் விறைத்துச் செயலிழக்கும். 1964இல் இந்தியாவில் அதிலிருந்து பிரித்த நஞ்சும் ஓர் அமினோ அமிலந்தான்: டயமினோபுரோப்பியோனிக் அமிலத்தில் ஒட்சாலில் கூட்டம் ஏறியது. அந்த ஒட்சாலில், குளூட்டாமேற்றின் இரண்டாம் அமிலம் நிற்கும் தூரத்துக்குக் கிட்டத் தன் அமிலத்தை நிறுத்தி, குளூட்டாமேற்று வாங்கிகளில் இன்னொரு வகையான அம்பா வாங்கிகளைத் தூண்டுகிறது. நீரில் நன்றாகக் கரைவதால், பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் கணிசமான பங்கு போய்விடும், முழுவதும் அல்ல.