தள்ளியும் நிற்காத எஞ்சின்

நேர்கோட்டில் சீறும் டிராக் பந்தயக் காரின் பேட்டரியை டிக்கிக்கு மாற்றியதும், மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயமாகிவிட்டது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி அது வண்டியின் பின்புறம், வெளியிலிருந்து கைக்கு எட்ட வேண்டும். பாசிட்டிவ் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். தள்ளி இழுக்கும் வகை என்றால், தள்ளினால் அணைய வேண்டும். விபத்தில் ஓடிவரும் ஆள் நின்று யோசிக்க முடியாது இல்லையா.

எல்லாம் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, பெருமையாகப் பின்னால் போய்ச் சுவிட்சைத் தள்ளினேன். க்ளக். எஞ்சின் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருந்தது! பேட்டரி துண்டானாலும், எஞ்சின் ஓட்டத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அரை நாள் தலையைச் சொறிந்த பிறகு, ஆல்டர்னேட்டரின் சார்ஜ் வயரைத் தனியாகப் பின்னுக்கு இழுத்து, சுவிட்சின் பேட்டரி பக்க போல்ட்டிலேயே முடித்தேன். இனி சுவிட்சை அணைத்தால் பேட்டரியோடு ஆல்டர்னேட்டரும் இக்னிஷனிலிருந்து துண்டாகிவிடும். ஆனால் அணைத்தாலும், பேட்டரியோடு நேராகச் சேர்ந்திருக்கும் இந்த வயரில் கரண்ட் இருக்கும். அதனால் பேட்டரி அருகே ஒரு ஃபியூஸ், தகரத்து ஓட்டையில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம். உரசி உறை கிழிந்தால் அவ்வளவுதான்.

அப்புறம் மறுபடி தள்ளினேன். ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது.

'ஆஃப்' ஸ்டிக்கர் மட்டும் கோணலாக ஒட்டிவிட்டது. அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.