முழங்கைக்குள் எந்த வழியாகப் போவது?

மழையில் வண்டி சறுக்கி வலது முழங்கை தரையில் மோதியபோது எனக்கு 48 வயது. எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பின் அடிப்பகுதி மூட்டுக்குள்ளேயே பிளந்திருந்தது. புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று அத்தை மன்றாடினார். மூட்டுக்குள் உடைந்ததை வெளியே கட்டுப்போட்டு நேராக்க முடியாது என்று நான் ஒப்பவில்லை. பிளேட் வைப்பார்கள், அவ்வளவுதான் முடிவு என்று நினைத்திருந்தேன்.

கையெழுத்து வாங்க வந்த டாக்டர் உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், பின்பக்கமாகத்தான் திறக்கணும். ஆனா உள்ளே போக ரெண்டு வழி இருக்கு" என்று மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டார். மேற்கையின் பின்னால் இருக்கும் டிரைசெப்ஸ் தசை, மேசையில் ஊன்றும் அந்த முழங்கை முனையில் போய் ஒட்டுகிறது. தசையை வெட்டாமல், இரண்டு பக்கமும் விலக்கி உள்ளே போவது ஒரு வழி. கையை நீட்டும் பலம் அப்படியே இருக்கும். ஆனால் மூட்டின் உட்பரப்பு சரியாகத் தெரியாது. முழங்கை முனையையே 'வி' வடிவில் அறுத்து, தசையோடு சேர்த்து மேலே தூக்குவது இரண்டாவது. மூட்டு நன்றாகத் தெரியும். கடைசியில் அந்த முனையைக் கம்பி போட்டு இறுக்க வேண்டும், அறுத்த அந்த எலும்பும் ஒன்றுசேர வேண்டும்.

"உடைஞ்சது போதாதா, நல்ல எலும்பையும் அறுக்கணுமா?" என்று கேட்டேன். முதல் வழிதான் வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. "பெரிய துண்டு ரெண்டுதான்னா அதுவே போதும். சிடி ஸ்கேன் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

மறுநாள் கணினியில் என் எலும்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மூட்டின் நடுவில் கிணற்றுக் கப்பி போலவே பள்ளம் விழுந்த ஒரு பகுதி இருக்கிறது. அதிலிருந்து புளியங்கொட்டை அளவு துண்டு ஒன்று பெயர்ந்து, முகம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரேயில் அது தெரியவே இல்லை. அதைக் கண்ணால் பார்க்காமல் பொருத்தினால் மேடு பள்ளமாகக் கூடி, மூட்டு தேய்ந்துவிடும். இறந்தவர்களின் கைகளில் செய்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வையும் சொன்னார்: டிரைசெப்ஸை நடுவில் பிளந்து போகும் வேறொரு வழியில் மூட்டுப் பரப்பில் சுமார் 35 சதவீதம் தெரியும், முனையை அறுத்தால் 57. அறுத்தாலே பாதிக்குச் சற்று மேல்தான் என்றதும் என் பிடிவாதம் போய்விட்டது. இரண்டாவது வழிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

எல்லோருக்கும் இதே பதில் இல்லை. எலும்பு பலம் குறைந்த வயதானவர்களுக்குச் செயற்கை மூட்டு தேவைப்படலாம். அதன் ஒரு பகுதி அந்த முனையுள்ள எலும்பில்தான் உட்காரும் என்பதால் அவர்களுக்கு முனையை அறுக்கத் தயங்குவார்களாம். ஆகவே உங்கள் டாக்டரிடம் பிளேட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எந்த வழியாகப் போவார், அதற்கு எதை வெட்டுவார் என்றும் கேளுங்கள்.

முழங்கையின் உட்பக்கம் இடித்தால் கரன்ட் அடிப்பது போலிருக்குமே, அந்த நரம்பை எந்த வழியானாலும் முதலில் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அப்படியும் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் எனக்கு இரண்டு மாதம் மரத்துக் கிடந்தன. அப்புறம் மெல்லச் சரியானது.

மூன்றாம் நாளே பிசியோதெரபி. அத்தை தைலத்தோடு வந்தார். இந்த மூட்டை அழுத்தி உருவினால் தசைக்குள் எலும்பு வளரலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றேன். 30-லிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் அன்றாட வேலைகள் நடந்துவிடும் என்பது கணக்கு. நான்காம் மாதம் 125 வந்தது. அன்றுதான் பின்னலை நானே போட்டுக்கொண்டேன். முடிப்பதற்குள் கை நடுங்கியது.

இப்போது முழங்கையை மேசையில் ஊன்றினால் தோலுக்கடியில் கம்பி குத்துகிறது. முனை நன்றாகக் கூடிவிட்டதால் மே விடுமுறையில் எடுத்துவிடலாம் என்றார். எங்கே வெட்டுவீர்கள் என்று உடனே கேட்டேன். பழைய தழும்பு வழியாகவேதானாம்.