ஹக் ஃபின்: 31ஆம் அத்தியாயத்தோடு மூடிவிடலாமா?

மார்க் ட்வைனின் 'ஹக்கில்பெரி ஃபின்' நாவலை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். மூன்றாவது தடவையும் அதே இடத்தில்தான் எரிச்சல் வந்தது.

மார்க் ட்வைனைச் சுற்றி நடக்கும் சண்டை இன்று நேற்று தொடங்கியதல்ல. நாவல் அமெரிக்காவில் வெளிவந்தது 1885 பிப்ரவரியில். அடுத்த மாதமே மாசசூசெட்ஸில் கான்கார்டு ஊர் நூலகம் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. இனவெறி என்பதற்காக இல்லை, கதை சொல்லும் வெள்ளைக்காரச் சிறுவன் ஹக்கின் கொச்சையும் முரட்டுத்தனமும் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கவில்லை. ட்வைனுக்கோ ஒரே குஷி, இதனாலேயே இன்னும் 25,000 பிரதி விற்கும் என்று எழுதினார். வியாபாரி!

இன்றைய சண்டை வேறு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல் நாவலில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011இல் ஒரு பதிப்பகம் அதையெல்லாம் எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டே புத்தகம் கொண்டுவந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் 15ஆம் அத்தியாயம் இருக்கிறதே. மூடுபனியில் தெப்பமும் படகும் பிரிந்துவிட, அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஹக்கோடு ஆற்றில் போய்க்கொண்டிருக்கும் கறுப்பினத்தவன் ஜிம், ஹக் செத்துவிட்டான் என்றே நினைத்து அழுது ஓய்ந்து தூங்கிப்போகிறான். திரும்பி வந்த ஹக், நான் எங்கேயும் போகவில்லையே, நீ கனவு கண்டிருப்பாய் என்று கதை விடுகிறான். ஜிம்மும் நம்பி அந்தக் கனவுக்குப் பலன் எல்லாம் சொல்கிறான். அப்புறம் தெப்பத்தில் கிடக்கும் இலைதழையையும் உடைந்த துடுப்பையும் பார்க்கிறான், ஹக்கைப் பார்க்கிறான். இது குப்பை, சிநேகிதனை அவமானப்படுத்துகிறவனும் குப்பைதான் என்று சொல்லிவிட்டுத் தெப்பத்தின் மேலிருக்கும் குடிசைக்குள் போய்விடுகிறான். மன்னிப்புக் கேட்க ஹக்குக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது. அதைச் சொல்லும் வாக்கியத்திலேயே அந்த வசைச்சொல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தக் கால் மணி நேரம் எதற்கு என்பதே புரியாது.

அதே சமயம், வகுப்பில் இதைச் சத்தமாக வாசிக்கும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறார்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் சண்டை கடைசிப் பன்னிரண்டு அத்தியாயங்களோடு. ஜிம்முக்கு ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது என்று தெரிந்தே ஹக்கின் சிநேகிதன் டாம் சாயர் அவனை அடைபட்ட இடத்திலேயே வைத்துக்கொண்டு, எலி, சிலந்தி, பாம்பு என்று கொண்டுவந்து விட்டு விளையாடுகிறான். ஜிம்மைக் களவு கொடுக்கிற இடத்தோடு (அதுதான் 31ஆம் அத்தியாயம்) நிறுத்திக்கொள்ளுங்கள், மீதி ஏமாற்று வேலை என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயே சொன்னார், நவீன அமெரிக்க இலக்கியமே இந்தப் புத்தகத்திலிருந்துதான் வந்தது என்று புகழ்ந்த அதே பத்தியில்.

அமெரிக்க எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய 'ஜேம்ஸ்' நாவலில் ஜிம்மே கதை சொல்கிறான். வெள்ளைக்காரர்கள் முன்னால் எப்படித் தப்புத்தப்பாகப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். அடுத்த தடவை ட்வைனை 31ஆம் அத்தியாயத்தோடு மூடிவிட்டு நேரே இதற்குத் தாவப் போகிறேன்.