தங்கச்சியைச் சாப்பிட வைத்த மாதங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே இருக்கிறது. சுவெட்டர் இல்லாமல் வாசலில் இறங்க முடியாத குளிர். அதனால் என் தங்கச்சி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் எவ்வளவு மெலிந்திருந்தாள் என்பதை அந்தக் கம்பளி மறைத்தது. உடம்பில் சூடு தங்காமல் அவள் நடுங்கியதை மலைக்குளிர் மறைத்தது.

அவளுக்கு வந்தது அனோரெக்சியா, சாப்பாட்டை மறுக்க வைக்கும் ஒரு மனநோய். அது அழகுக்காகப் பட்டினி கிடக்கும் பணக்காரப் பிள்ளைகளின் நோய் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அம்மா கொழுந்து பறிப்பவர். வெறும் சாயத்தண்ணீரோடு மலைக்கு ஏறிய காலம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. உணவு இருக்கும்போது ஒரு பிள்ளை அதை வேண்டாம் என்று சொல்லும் என்பது அவருடைய கற்பனைக்கே எட்டாத விஷயம்.

குண்டாகிவிடுவேன் என்று தங்கச்சி ஒருநாளும் சொன்னதில்லை. “வயிறு ஊதின மாதிரி இருக்கிறது அக்கா, பிறகு சாப்பிடுகிறேன்” என்பாள். வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் நீண்டது. கந்த சஷ்டி முடிந்த பிறகும் அவளுடைய விரதம் முடியவில்லை. உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, பிள்ளை சாமியை நம்புகிறாள் என்று எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரும் பாராட்டினார்கள். கொழுப்பைப் பற்றிய பயத்தைச் சொல்லாமல், வயிறு நிறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும் நோயாளிகளைப் பற்றி 1990களிலேயே ஹொங்கொங் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவள் சமைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தேங்காய் துருவி, மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, எங்களை உட்காரவைத்துப் பரிமாறுவாள். அப்பாயி இன்னொரு ரொட்டி வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். தனக்கென்று எடுத்த ஒரு ரொட்டியை மட்டும் நகம் அளவு துண்டுகளாகப் பிய்த்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி, சம்பலைத் தொட்டுத் தொட்டு நகர்த்திக்கொண்டே இருப்பாள். நாங்கள் எழுந்த பிறகு அது நாய்க்குப் போகும்.

முதலில் காட்டிய இடத்தில் கேஸ்ட்ரைட்டிஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும் கிடைத்தது. மாதவிடாய் நின்றுபோனதையும் பலவீனம் என்று சொல்லிவிட்டார்கள். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஒரு டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நிதானமாக எண்ணிப் பார்த்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50ஐயும் எட்டவில்லை. கையை நீட்டச் சொல்லி, தோலின் மேல் முளைத்திருந்த மெல்லிய பூனைமுடியைக் காட்டினார். பட்டினியில் இருக்கும் உடம்பில் அப்படி முளைப்பதுண்டாம். அன்றைக்கே கண்டிக்கு அனுப்பினார்கள்.

வார்டில் எங்களைத் திகைக்க வைத்தது அவர்கள் கொடுத்த உணவின் அளவு. அம்மா கோழிக்கறியோடு சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனார். தாதி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேட், பொட்டாசியம் போன்றவை சரசரவென்று குறைந்து இதயமே நின்றுபோகலாம் என்று அந்தத் தாதி பொறுமையாக விளக்கினார். தயமின் விட்டமின் கொடுத்து, அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகவே அளவைக் கூட்டினார்கள். வீட்டிலேயே பிள்ளையைத் தேற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனநல மருத்துவர் சொன்ன ஒரு விஷயம்தான் எங்கள் போக்கை மாற்றியது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945 ஆண்டுகளில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார்களாம். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், கொஞ்ச உணவை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள், குளிரில் நடுங்கினார்கள், யாரோடும் சேராமல் ஒதுங்கினார்கள். கேட்கக் கேட்க எங்கள் அடுப்படிதான் எனக்குத் தெரிந்தது. பட்டினியே மனதை அப்படி ஆக்கிவிடும். பட்டினியில் இருக்கும் மூளையோடு வாதாடிப் பயனில்லை, முதல் மருந்து சாப்பாடு என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வேளை உணவு, இடையில் மூன்று சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதை அம்மாவும் நானும்தான் முடிவு செய்தோம். அந்தப் பொறுப்பை அவளிடமிருந்து கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டோம். லண்டனில் 1980களில் வளர்த்தெடுத்த குடும்பவழிச் சிகிச்சை இதுதானாம். சொல்ல எளிது. காலையில் அம்மா பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும்; நான் பள்ளியில் படிப்பிக்க வேண்டும். சில நாட்கள் அம்மா அரைப்பேரோடு, அதாவது அரைநாள் வேலைக் கணக்கோடு திரும்பினார், மீதிச் சம்பளம் போனது போனதுதான். பகல் உணவுக்கு அப்பாயி காவல். அப்பாயி அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பழைய கங்காணிகளின் கதைகளைச் சொல்லிக்கொண்டே, தட்டு காலியாகும்வரை பக்கத்தில் இருப்பார். சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடக் கூடாது என்று, சாப்பிட்டு அரை மணி நேரம்வரை அவளைத் தனியாகக் கழிப்பறைக்கு விடவில்லை.

அழுகை, கத்தல், தட்டைத் தள்ளுதல் எல்லாம் நடந்தது. “நீங்கள் எனக்கு எதிரி” என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அது நோயின் பேச்சு என்று தெரிந்திருந்தும் வலித்தது.

விரதம் பற்றி அம்மாவுக்குப் பயம் இருந்தது. கோயிலில் கேட்டோம். நோயாளிக்கு விரதம் கிடையாது, குணமாகிய பிறகு பார்க்கலாம் என்று பூசாரி அவளிடமே சொன்னார். எத்தனையோ ஆலோசனைகளை விட அந்த வார்த்தை அவளுக்குப் பெரிய விடுதலை.

அவளுடைய எடையை இங்கே எழுத மாட்டேன். இதே நோயில் இருப்பவர் படித்தால் அந்த எண்ணோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பார். ஊராருக்கும் இதையே சொல்கிறேன்: தேறிவரும் பிள்ளையிடம் “சதை போட்டிருக்கிறாய்” என்று சொல்லாதீர்கள். பாசத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வீணானது.

இப்போது மாதவிடாய் திரும்பிவிட்டது, சுவெட்டர் ஒன்றுதான். உடம்பு தேறிய வேகத்தில் பயம் போகவில்லை. கிளினிக் கொப்பி இன்னும் கையில் இருக்கிறது. பரீட்சையைத் தள்ளிப்போட்டு அடுத்த வருடம் எழுதுகிறாள். அந்த வாரங்களில் யார் அவளோடு பகல் சாப்பிடுவது என்பதை இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசலாம். அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் பணம் தேவையில்லை. ஆனால் மயக்கம் வந்தாலோ, நாடி மெதுவாகத் துடித்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ கிளினிக் திகதி வரும்வரை இருக்க வேண்டாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.